சீருடைக்கு மட்டுந்தானா அஞ்சலி?

கல்முனைக் கரையோரத்து ஊரொன்றிலே அண்மையில் ஓர் இரங்கற் கூட்டம் நடந்தது. எண்பது வயதைத் தாண்டி மௌத்தான ஒரு முதியவருக்காக அது கூட்டப்பட்டது. ஊரார் அவரை 'றைவர் காக்கா' என்றே அறிவர். நாமும் இங்கு அவ்வாறே குறிக்கிறோம். அவருடைய குடும்பத்தார் விளம்பரத்தை விரும்பாதவர்கள். மேடையிலே ஒன்பது பேர் பேசினர். ஒன்பது பேரும் அவர் இராணுவத்திலே கழித்த பதினொரு ஆண்டுகளைப் பற்றியே பேசினர். அவர் லொறி ஓட்டிய முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு அங்கே கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். "பின்னர் அன்னார் லொறிச் சாரதியாகவும் கடமையாற்றினார்" என்பதே அது.

'சாரதியாகவும்' என்ற சொல்லின் ஈற்றிலே நிற்கும் அந்த உம்மையை இலக்கணக்காரர் எச்சவும்மை என்பர். மாணவருக்குத் தமிழ் கற்பிக்கும் நமக்கோ அது இழிவு சிறப்பும்மையாகவே ஒலித்தது. ஒரு மனிதனின் வாழ்விலே மூன்றில் ஒரு பங்குதானும் வராத காலத்தைக் கொடியாக ஏற்றிவிட்டு, எஞ்சிய உழைப்பு முழுவதையும் ஓர் உம்மைக்குள் மடித்துவைக்கும் இந்த வழக்கத்தை நாம் எதிர்க்கிறோம். இறந்தவரைக் குறைத்துப் பேசுவதற்காக இதனை எழுதவில்லை. அவரை முழுமையாக நினைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

அவர் நெசவுக் குடும்பமொன்றிலே பிறந்தவர். தறியினால் ஒன்பது வயிறுகளை நிரப்ப முடியாதென்று கண்ட தகப்பனார், மூத்த மகனை 1961இல் இராணுவத்துக்கு அனுப்பினார். 1949 ஒக்டோபரிலே தொடங்கப்பட்ட இலங்கை இராணுவம் அந்நாளில் ஒரு சிறு படைதான். 1962 ஜனவரியிலே அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றனர். அதன் பின்னர் படையின் ஆட்சேர்ப்பு மெல்ல மெல்ல ஓர் இனத்துக்கே உரியதாகச் சுருங்கிற்று. கதவு சாத்தப்படுமுன் உள்ளே சென்றுவிட்ட சிலருள் நம்மூர் இளைஞரும் ஒருவர். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை வாகனமோட்டுவது. அரிசி, பருப்பு, விறகு, கூடாரம் ஆகியவற்றை முகாமுக்கு முகாம் ஏற்றிச் சென்றார். 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போதும் அவர் ஓட்டியது உணவு லொறியே. ஓய்வூதியத்துக்குரிய காலம் நிறையுமுன் 1972இல் விலகி ஊர் திரும்பினார். துப்பாக்கியைவிடச் சுக்கானையே அதிகம் பிடித்த கை அவருடையது. இரங்கற் கூட்டத்திலே 'களம் கண்ட வீரர்' என்று முழங்கியவர்கள் இந்தச் சிறு உண்மையை அறியாதவர்களல்லர்.

அறிந்தும் ஏன் அவ்வாறு பேசினர்? இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது காரணம் அச்சம். அதனை நாம் பரிகசிக்கமாட்டோம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த கொடுமையையும், ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் வீடொன்றிலே குழந்தைகளும் மாண்ட வெடிப்பையும் இக்கரையோரம் மறக்கவில்லை. ஒரு சிறு கொலைக்கூட்டத்தின் பாவம் ஒரு சமுதாயம் முழுவதன் தலையிலும் ஏற்றப்பட்டது. மறுமாதம் வடமேற்கிலே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்நாட்களிலே இக்கிழவரின் பழைய இராணுவப் படத்தை அவருடைய பேரன்மார் முன்விறாந்தையிலே மாட்டினர். சோதனையிட வருவோரின் கண்ணிலே முதலில் அது படட்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அன்று கவசமாக மாட்டப்பட்ட அந்தப் படமே, இன்று இரங்கற் கூட்டத்திலே மாலை சூடி நின்றது.

அந்த வீட்டாரின் அச்சம் நியாயமானது. ஆனால் ஒரு சமுதாயத்தின் அறிஞர்களும் பிரமுகர்களும் அவ்வச்சத்தையே கொள்கையாக்கலாமா? "பாருங்கள், நம்மவரும் இந்நாட்டுக்குச் சீருடை அணிந்தார்" என்று இறந்தவரைத் தூக்கிக் காட்டுவது, விசுவாசச் சான்றிதழ் கேட்பவனுக்கு அதனைக் கேட்கும் உரிமை உண்டென்று ஒப்புக்கொள்வதாகும். நெல் விளைத்து, மீன் பிடித்து, துணி நெய்து, வரி கொடுத்து வாழும் மக்கள் தம் நாட்டிலே வாழ்வதற்கு எந்த முத்திரையைக் காட்டவேண்டும்?

சான்றிதழால் பயன் விளைந்ததா என்பதையும் பார்ப்போம். கேணல் பஸ்லி லாபிர் என்ற முஸ்லிம் அதிகாரியின் பெயரை நாடறியும். 1996 ஜூலையிலே முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது, விசேட படையினரோடு அங்கே தரையிறங்கிப் போரிட்டு மாண்டவர் அவர். இந்நாட்டின் அதியுயர் வீரப் பதக்கமான பரம வீர விபூஷணம் அவருக்கு வழங்கப்பட்டது. அதற்கு மேலான சான்றிதழை எந்தச் சமுதாயம் எங்கிருந்து கொண்டுவரும்? இருந்தும், 2018 பெப்ரவரியிலே அம்பாறை நகரில், கொத்து ரொட்டியிலே கருத்தடை மாத்திரை கலந்திருந்ததென்ற புளுகு ஒன்றினால் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டபோது, அந்தப் பதக்கத்தை எவர் நினைத்தார்? 2020இலே கொரோனாவினால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று விதி பிறந்தது. அந்த விதி, சீருடை அணிந்த குடும்பம், அணியாத குடும்பம் என்று வேறுபாடு பார்த்ததா? உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தைத் தடைசெய்யவில்லை. எனினும் 2021 பெப்ரவரி இறுதிவரை நம் ஜனாஸாக்கள் நெருப்புக்கே போயின. அதன் பிறகே ஓட்டமாவடியில் மண் கிடைத்தது. 2024 ஜூலையிலே அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. சாம்பலோ சாம்பலாகவே இருக்கிறது. பதக்கம் காட்டிப் பெறும் பாதுகாப்பு, காற்று மாறும்வரைதான் நிலைக்கும்.

இதற்கு நேரெதிரான ஒரு கட்சியும் உண்டு. "அந்தப் படத்தைக் கழற்றுங்கள். அந்தப் படை செய்தவற்றை அறியீரா?" என்று சில இளைஞர்கள் கூட்டத்துக்கு வெளியே முணுமுணுத்தனர். படைகளும் இயக்கங்களும் இக்கிழக்கிலே செய்தவற்றை நாம் அறிவோம். 1990 ஓகஸ்ட் என்ற ஒரே மாதத்திலே, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோரும், ஏறாவூரில் உறக்கத்திலிருந்தோரும், வீரமுனைக் கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டனர். இவற்றுள் ஒன்றை நினைத்து மற்றொன்றை மறப்பவன், நினைவையும் ஆயுதமாகவே ஏந்துகிறான். ஆனால் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே சீருடையைக் கழற்றிவிட்ட ஒரு நெசவாளியின் மகனை அக்கணக்கிலே சேர்ப்பது எந்த நீதி? வறுமை அவரைப் படைக்கு அனுப்பியது. அதை மறைப்பதும் பொய். அதற்கு மகுடம் சூட்டுவதும் பொய்.

இனி, இரண்டாவது காரணத்துக்கு வருவோம். அச்சத்தை மன்னிக்கலாம், இதனை மன்னிக்க இயலாது.

இராணுவ ஆண்டுகளைப் புகழ்ந்தால் அதற்கான கடன் கொழும்பின் கணக்கிலே விழும். அரசாங்கம் அவருக்கு ஓய்வூதியம் கொடுத்ததா, வீடு கொடுத்ததா என்று மேடையிலே முழங்கலாம், கைதட்டலும் கிடைக்கும். லொறி ஆண்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாலோ கடன்காரர் யார் என்ற கேள்வி எழும். அக்கடன்காரர் நம் ஊரிலேயே இருக்கிறார். அன்று அந்த மேடையிலேயே நாற்காலியும் போட்டிருந்தார்.

லொறி ஆண்டுகள் எத்தகையவை? மாரிப் போக வேளாண்மை வெட்டி முடிந்ததும் இப்பகுதியின் நெல் ஆலைகளிலே மூட்டைகள் கூரையைத் தொடும். அந்த அரிசி கடைக்குப் போனால்தான் முதலாளிக்குக் காசு. முதலாளிக்குக் காசு வந்தால்தான் வயற்காரனுக்குக் கடன் தீரும். இவ்விரண்டுக்கும் நடுவே ஓடியது றைவர் காக்காவின் பெட்போர்ட் லொறி. அம்பாறை, மகா ஓயா, பதியத்தலாவை கடந்து மகியங்கனைக்குப் போகவேண்டும். அங்கிருந்து மலையேறும் பதினெட்டு வளைவுப் பாதையை இரவிலே, பாரத்தோடு, மழையிலே ஏறவேண்டும். படங்கு கிழிந்தால் அரிசி நனையும்; அரிசி நனைந்தால் நட்டம் சாரதியின் கூலியிலே கழியும். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. நடை இல்லையேல் கூலியும் இல்லை. நோய்க்கு விடுமுறை இல்லை. நோன்பு காலத்திலே வழியோரத்து நீரைக் குடித்து நோன்பு திறந்து, மறுபடி சுக்கானைப் பிடித்த இரவுகளை அவரே நம்மிடம் சொல்லியிருக்கிறார்.

1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்குக் கரையைச் சூறாவளி பிய்த்தெறிந்தது. தென்னைகள் பாதையை மூடிக் கிடந்தன. கோடரியையும் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு, மரத்தை வெட்டி வெட்டி மட்டக்களப்புப் பக்கம் அரிசி கொண்டுசென்ற லொறிகளுள் அவருடையதும் ஒன்று. 1990இலே எந்தப் பாதையிலே எவர் நிற்பார் என்று தெரியாத நாட்களிலும் அவர் ஓடினார். அவர் ஓடாவிட்டால் மருந்துக் கடையிலே மருந்து இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. இந்நாட்டிலே மிகுதியான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை ஒரு காலைப்பொழுதிலே இழந்தோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுவதும் ஓலம் எழுந்தது. அன்றைய தினமும் அடுத்த நாட்களிலும் அந்த லொறியிலே ஏறியவை அரிசி மூட்டைகளல்ல. முஸ்லிம், தமிழர் என்று பாராது உடல்களை ஏற்றியிறக்கினார். அடுத்த ஆண்டு தொடக்கத்திலே லொறிச் சாவியை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் அவர் சுக்கானைத் தொடவில்லை.

சாவியைக் கொடுத்த அன்று அவர் கையிலே என்ன இருந்தது? ஒரு சாரமும் சட்டையும் ஓரிரு ஆயிரம் ரூபாவும் இருந்தன. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை ஏற்படுத்தியது. தொழிலாளியின் வேதனத்திலே நூற்றுக்கு எட்டும் முதலாளியின் பங்காக நூற்றுக்குப் பன்னிரண்டும் அந்நிதிக்குச் செல்லவேண்டும் என்பது இன்றுள்ள விதி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் நூற்றுக்கு மூன்று கட்டவேண்டும். தற்காலிக ஊழியனாயினும், நாட்கூலியாயினும், வேலையின் அளவுக்குக் கூலி பெறுபவனாயினும் சேமலாப நிதிக்கு உரியவனே. முப்பத்து மூன்று ஆண்டுகளிலே அவருக்காகக் கட்டப்பட்ட தொகை ஒரு சதமும் இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு மூட்டை அரிசி வீட்டுக்கு வந்தது. அது தருமம் எனப்பட்டது. உரிமையாகக் கொடுக்கவேண்டியதைக் கொடாமல், தருமமாகச் சிறிது கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்க்கும் இந்தக் கணக்கு இஸ்லாத்தின் கணக்கா? வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்று வெள்ளிக்கிழமை தோறும் கேட்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

"அவர் கேட்கவே இல்லையே" என்று ஒரு நண்பர் நம்மிடம் வாதிட்டார். கேட்டால் அடுத்த நடை வேறொருவனுக்குப் போய்விடும் என்ற நிலையிலே எவன் கேட்பான்? "சிறு ஆலைகளாலே இவ்வளவும் கட்ட முடியாது" என்றார் மற்றொருவர். நெல் விலை இறங்குவதும் வட்டி ஏறுவதும் சிறு முதலாளியை வாட்டுவது உண்மைதான். ஆனால் டீசலுக்கு விலை ஏறினால் கட்டுகிறார். டயருக்கு விலை ஏறினாலும் கட்டுகிறார். மனிதனுக்குரிய பங்கு மட்டும் முடியாத செலவாகிவிடுகிறது. கட்டாத அந்தப் பங்கைக் கிழவரின் மகள் ஒருத்தி கட்டினாள். மத்திய கிழக்கிலே வீட்டுப் பணிப்பெண்ணாய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, தகப்பனின் மருந்துக்குப் பணம் அனுப்பினாள். இரங்கற் கூட்டத்திலே அவளுடைய பெயரை எவரும் சொல்லவில்லை.

பாரம் சுமந்தவனை மறப்பது நம் ஊரின் குணம் மட்டுமன்று. உலகத்துப் பேரரசுகளின் பழைய பழக்கம். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இதனை ஒப்புக்கொண்டது. முதலாம் உலகப் போரிலே பிரித்தானியப் பேரரசுக்காக மாண்ட ஆபிரிக்க, ஆசிய மக்களுள் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைக்கப்படவில்லை. அல்லது நினைக்கப்படவே இல்லை. அவர்களுள் பெரும் பகுதியினர் கிழக்கு ஆபிரிக்காவிலே சுமை தூக்கியோர். தார் எஸ் சலாம் நகரிலே 'கரியாக்கூ' என்றொரு சந்தை உண்டு. சுமைதூக்கும் படையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரே மக்கள் நாவிலே அவ்வாறு திரிந்தது. பேரரசு எழுதாத பெயரை மக்கள் தம் சந்தைக்குச் சூட்டிக்கொண்டனர்.

இரண்டாம் உலகப் போரிலும் இதே கதைதான். 1944 ஓகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை, பிரான்சிலே முன்னேறிய நேச நாட்டுப் படைகளுக்கு எரிபொருளும் உணவும் குண்டுகளும் கொண்டுசென்றது 'ரெட் போல் எக்ஸ்பிரஸ்' என்ற அமெரிக்க லொறி அணி. ஏறத்தாழ ஆறாயிரம் வாகனங்கள் இரவும் பகலும் ஓடின. அவற்றின் சாரதிகளுள் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். தளபதிகளுக்குச் சிலைகள் எழுந்தன. இச்சாரதிகளோ நாடு திரும்பி, பேருந்திலே பின்னிருக்கைக்குத் துரத்தப்பட்டனர். சீருடை அவர்களுக்கும் சமத்துவம் வாங்கித் தரவில்லை. பின்னாளில் அவர்கள் பெற்ற உரிமைகள், தெருவிலே இறங்கிக் கேட்டுப் பெற்றவை.

நம் நாட்டிலேயே ஒரு சாரதியின் சாவு என்ன செய்யப்பட்டது என்பதையும் நினைவூட்டுவோம். 2018 பெப்ரவரியிலே தெல்தெனியப் பகுதியில், வீதித் தகராறொன்றில், முஸ்லிம் இளைஞர் சிலர் சிங்கள லொறிச் சாரதி ஒருவரைத் தாக்கினர். மார்ச் மாத முதல் நாட்களிலே அவர் உயிர் பிரிந்தது. உடனே அவருடைய உடல் ஒரு கொடியாக்கப்பட்டது. திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டிலே ஒரு முஸ்லிம் இளைஞனும் மாண்டான். எரித்தவர்களுள் எத்தனை பேருக்கு அந்தச் சாரதியின் கூலி தெரியும்? அவர் வீட்டு அடுப்பைப் பற்றி எவர் கேட்டார்? நாமாவது கேட்டோமா? நம் இழப்பை எண்ணிக் கொண்டிருந்த நாம், நம்மவர் கையால் அடிபட்டுச் செத்த ஒரு தொழிலாளிக்காக ஓர் இரங்கற் கூட்டமேனும் நடத்தவில்லை. சிங்களச் சாரதியை இனக் கொடியாக்கினார்கள் அங்கே; முஸ்லிம் சாரதியை விசுவாசச் சான்றிதழாக்குகிறோம் இங்கே. இரண்டிடத்திலும் காணாமற் போனவன் உழைப்பாளி. மகியங்கனைப் பாதையிலே ஒருவரையொருவர் கடக்கும்போது விளக்கை மங்கவைத்து வழிவிட்ட இரு சாரதிகளுக்குமிடையே இருந்த உறவு, மேடைகளிலே முழங்கும் எவருக்கும் இருந்ததில்லை.

ஆகவே நாம் வேண்டுவது என்ன? றைவர் காக்காவின் பெயராலே ஒரு வீதி வேண்டாம், வளைவும் வேண்டாம். இக்கரையோரத்து ஆலைகளிலும் மொத்த வியாபார நிலையங்களிலும் இன்று சுக்கான் பிடிக்கும் ஒவ்வொரு சாரதியின் பெயரும், அவருடன் ஓடும் உதவியாளன் பெயரும் சேமலாப நிதிப் பதிவிலே ஏறவேண்டும். மறுப்பவரைத் தொழில் திணைக்களத்தின் முன் நிறுத்தச் சாரதிகளுக்கு ஒரு சங்கம் வேண்டும். அதிலே தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒன்றாக இருக்கவேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்கள் ஜக்காத் பட்டியலிலே சாரதியின் பெயரைச் சேர்க்குமுன், அவனுடைய முதலாளியிடம் அவனுக்குரிய பங்கைக் கட்டினாயா என்று கேட்கவேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. 'நான் விரும்பும் பெரியார்' என்ற தலைப்பிலே நம் மாணவர் ஆண்டுதோறும் ஒரே கட்டுரையை ஒப்புவிக்கின்றனர். அவ்விடத்திலே, தம் தெருவிலே வாழும் ஒரு முதிய உழைப்பாளியிடம் சென்று, என்ன வேலை செய்தார், எவ்வளவு கூலி பெற்றார், எந்தப் பாதையிலே போனார் என்று கேட்டு எழுதி வரச் சொல்வோம். தறிகாரர், தோணிக்காரர், வயற்கூலி, சாரதி, கடல் கடந்து உழைத்துத் திரும்பிய பெண் ஆகிய இவர்களின் வாழ்க்கை எழுதப்படாத வரை, நம் ஊர் வரலாறு பிரமுகர்களின் பிறந்தநாள் மலராகவே இருக்கும்.

கூட்டம் முடிந்த மறுநாள் நாம் அவருடைய வீட்டுக்குச் சென்றோம். லொறியோடு எடுத்த படம் ஏதும் உண்டா என்று மகளிடம் கேட்டோம். ஒன்றுமில்லை என்றாள். முப்பத்து மூன்று ஆண்டுகளிலே அவரை லொறியோடு நிறுத்தி ஒரு படம் எடுக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பிறகு பெட்டியிலிருந்து அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துத் தந்தாள். ஓரங்கள் தேய்ந்து, எண்ணெய்க் கறை படிந்த அதிலே அவருடைய முகம் இருக்கிறது. அடுத்த கூட்டத்திலே அந்தப் படத்தையும் மேடையிலே வையுங்கள். சேமலாப நிதிப் பதிவேட்டையும் கொண்டுவந்து அதன் பக்கத்திலே வையுங்கள். அதன் பின்னர் பேசத் தொடங்குங்கள்.